சேர்த்துடறேன், சேர்த்துக்கறேன்

குழம்பில் உப்புச் சேர்க்கிறோம், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம், ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம், இதெல்லாம் ஒரே சொல்தானா டீச்சர் என்று மேதா கேட்கிறாள், ஒரே சொல்தான் என்கிறேன், அவள் அதைத் தன் மராத்தி எழுத்தில் எழுதிக்கொள்கிறாள், மேலே ஒரு கோடு இழுத்து அதில் துணி காயப்போடுவதுபோல எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டே போகிறாள், எனக்கு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருக்கிறது, பிடித்திருக்கக் கூடாது, இது தினமும் ஞானவேலுக்குச் சோறு போடுகிற கை. ஞானவேல் மூன்று வருடம் எனக்குக் கணவனாக இருந்தவன், இப்போது இவளுக்குக் கணவன். எனக்கு இது தெரியும், இவளுக்குத் தெரியாது. வடவள்ளியில் இந்த மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாயங்காலங்களில் வெளியூர்க்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், வங்கிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், விமானப்படைக்காரர் மனைவி ஒருத்தி வந்தாள், யார் வந்தாலும் வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு, போனில் இருக்கிற படத்தைக் காட்டி இது யார், இது என் அண்ணன், இது யார், இது என் மாமியார் என்று சொல்ல வேண்டும். மேதா காட்டிய படத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, கால்மேல் கால், படம் எடுப்பவரிடம் ஏதோ குறை சொல்லப் போகிற வாய். இது என் மாமியார் என்றாள் மேதா. ‘யா’வைக் கொஞ்சம் நீட்டுங்க என்று திருத்தினேன், என் வாய்தான் திருத்தியது, எனக்குள் மற்றதெல்லாம் நின்றுபோயிருந்தது. அடுத்த படத்தில் ஞானவேல், முன்மண்டை வழுக்கை, மடியில் ஒரு பெண் குழந்தை, குழந்தைக்கு அவன் காது. இனி வர வேண்டாம், எனக்கு நேரமில்லை என்று அன்றைக்கே இவளுக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கைக்கு வந்து சிக்கியதை விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுகூட அப்போது தெரியாது.

“சேர்ந்தேன்னா நானே போய்ச் சேர்றது, சேர்த்தேன்னா இன்னொருத்தரைக் கொண்டுபோய்ச் சேர்க்கறது” என்கிறேன், சேர்ந்தேன், சேர்த்தேன் என்று அவள் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறாள், முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வருகிறது, பிறகு பிரிகிறது. அப்போ கலக்கறது என்கிறாள். கலந்தால் பிரிக்க முடியாது, பாலில் தண்ணீர் மாதிரி, சேர்த்தது அப்படியில்லை, வெங்காயத்தோடு உருளைக்கிழங்கைப் பையில் சேர்த்துப் போட்டால் வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்கிறேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுகிறது. என்னையும் அந்த வீட்டில் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். கீழ்வீட்டில் மிக்சி ஓட ஆரம்பிக்கிறது, தேங்காய் அரைக்கிறார்கள், மிக்சிக்குள் தேங்காய்த் துண்டு அடிபட்டு அடிபட்டுப் பிறகு மெதுவாகிற அந்தச் சத்தம் எனக்கு ஆகாது, எங்கிருந்தாலும் எழுந்து தள்ளிப் போய்விடுவேன், இப்போது போக முடியாது, எதிரில் மேதா பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். காங்கேயம் பக்கம் அவர்கள் தோட்டத்து வீட்டில் ஞானவேலின் தங்கை தமயந்திக்கு நிச்சயம், புறக்கடையில் சமையல்காரர்கள் கிரைண்டர் போட்டிருந்தார்கள், எனக்கு ஆறு மாதம். நான் வேறு சாதி, காதலித்துக் கட்டிக்கொண்டவள், அது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று ராமாத்தாள் என்னை உள்ளறையில் இருக்கச் சொன்னாள், இன்னைக்கு ஒருநாள் முன்னால வராதே புள்ள என்று சொன்னாள், கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது, நானும் சரியென்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் இடுப்பு வலி வந்தது. சூடு என்று நினைத்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பப் படுத்தேன், பிறகு புடவை நனைந்திருந்தது, கையை வைத்துப் பார்த்தால் ரத்தம். கதவைத் தட்டினேன், பலமாகத் தட்டினால் வெளியே கேட்கும் என்று மெதுவாகத் தட்டினேன், அந்த நேரத்திலும் நான் மெதுவாகத் தட்டியதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே கை ஓங்குகிறது. ராமாத்தாள் வந்தாள், கையில் வெற்றிலைத் தட்டு. பார்த்தாள். மூன்று பெற்றவள், பார்த்ததும் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது, அதை நான் பார்த்தேன், இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காரை எடுக்க வேண்டுமென்றால் வாசலில் போட்டிருந்த பந்தலுக்குள் நாற்காலிகளை நகர்த்தி எல்லாரையும் எழுப்பித்தான் எடுக்க வேண்டும், யாருக்கு என்னவென்று கேட்பார்கள், இது யார் என்று கேட்பார்கள். “வந்தவிய கெளம்பட்டும் புள்ள, பொழுது சாயச் சேத்துக்கலாம்” என்றாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஞானவேல் ஒருமுறை வந்தான், எட்டிப் பார்த்தான், அம்மா சொல்றாங்கல்ல என்றான், பாயசம் பரிமாறப் போய்விட்டான். பொழுது சாய்ந்துதான் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏன் இவ்வளவு லேட்டாச் சேர்த்தீங்க என்று கேட்டார். இவ சொல்லவே இல்லீங்க டாக்டர் என்றாள் ராமாத்தாள். நான் அங்கேயே படுத்திருந்தேன், வாய்க்குள் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, ஞானவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண் குழந்தை. துணியில் சுற்றி ஒருமுறை காட்டினார்கள். பிறகு கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரு என்றார்கள், கொஞ்ச நாள் போனதும் வக்கீல் வந்தார். குழந்தை போனதைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேனோ என்னவோ, அந்த ‘இவ சொல்லவே இல்லீங்க’வை விடமாட்டேன். பதினெட்டு வருடமாகப் பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதும் அந்த டாக்டரம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், சொன்னேன் டாக்டர், மத்தியானமே சொன்னேன்.

“டீச்சர், இன்னைக்கு எனக்கு ஒரு வாக்கியம் வேணும்” என்கிறாள் மேதா, அதற்குமேல் தமிழ் வராமல் ஆங்கிலத்துக்குப் போகிறாள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது, வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார், பக்கத்துத் தோட்டத்துப் பெண் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். அவருடைய மகன், மேதா அப்படித்தான் சொல்கிறாள், அவருடைய மகன் என்று, பேரூருக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி முடித்துவிட்டான். நான் சண்டை போட்டேன் டீச்சர், என் அம்மா என்றால் விடுவேனா, கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீட்டில் முன்னறை சும்மாத்தானே கிடக்கிறது, கடைசியில் என்னமோ பண்ணு என்றுவிட்டார். நாளைக்குக் காரில் போய் அழைத்து வரலாமென்றால் கிழவி வரமாட்டேன் என்கிறாள். அந்த வடக்கத்திக்காரி என்னையக் கொண்டுபோய் எங்கியாச்சும் சேத்துருவா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் சொல்லித்தான் மேதாவுக்கு இந்தச் சொல்லே தெரியும், அதனால்தான் இன்றைக்கு வந்ததும் சேர் என்றால் என்ன என்று ஆரம்பித்தாள். “அதனால நானே தமிழ்ல சொல்லணும். நீங்க எங்களோட. எங்க வீட்டுல. நாங்க உங்களை” என்று கையை விரித்து அணைக்கிற மாதிரிக் காட்டுகிறாள், “இதுக்கும் சேர்தானா?”

இதற்கும் சேர்தான். எனக்குள் இரண்டு வாக்கியம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்களைச் சேர்த்துக்கறேன், உங்களைச் சேர்த்துடறேன். கொள் வந்தால் கை நெஞ்சுக்கு வருகிறது, விடு வந்தால் கை விரிந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறது, ஒன்றில் வீடு இருக்கிறது, இன்னொன்றில் முதியோர் இல்லத்தின் கேட் இருக்கிறது, தமிழில் பிறந்த நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. நான் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை, ஒரு எழுத்தை மாற்றி வைத்தால் போதும், மீதியை இவளுடைய நல்ல மனசு செய்துகொள்ளும். நாளைக்கு இவள் அந்தத் தோட்டத்து வாசலில் நின்று சிரித்த முகத்தோடு அதைச் சொல்வாள், கிழவி கட்டிலைப் பிடித்துக்கொள்வாள், கதவைச் சாத்திக்கொள்வாள், யார் தட்டினாலும் திறக்கமாட்டாள், திரும்ப விழுவாள், இந்தமுறை எடுக்க ஆள் இருக்காது, போய்ச் சேரட்டும், அதற்கும் இதே சொல்தான், அதை இன்னும் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் முகம் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. டம்ளரில் இருந்த டீயை ஒரு வாய் குடிக்கிறேன், ஆறிப்போய் ஆடை படிந்திருக்கிறது.

“உங்களைச் சேத்துடறேன், அத்தை” என்கிறேன்.

“உங்களைச் சேத்துடறேன், அத்தை.”

“‘டறேன்’ல கொஞ்சம் அழுத்தம் வேணும். முடிவாச் சொல்ற மாதிரி.”

“உங்களைச் சேத்துடறேன்.”

நன்றாக வருகிறது, அழகாக வருகிறது, இவ்வளவு நாளில் இவள் இத்தனை சுத்தமாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவாள், கிழவி எப்படி முழிப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் போனை எடுத்துவிட்டாள், மறந்துபோவதற்குள் இப்பவே சொல்லிடறேன் டீச்சர் என்கிறாள், ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நடப்பது எங்கேயோ தோட்டத்தில் நடக்கும், எனக்குச் செய்தி மட்டும் வரும் என்று இருந்தேன். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, வாக்கரைப் பிடித்து வர நேரமாகும். எழுந்து உள்ளே போய்விடலாமா.

“ஆரு?”

அதே குரல்தான், ஆனால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, காற்று அதிகம் வருகிறது.

“அத்தை, நான் மேதா.”

“சொல்லு கண்ணு.”

கண்ணாம். நான் மூன்று வருடமும் புள்ள, ஏ புள்ள, அங்க நிக்கறாளே அவ. இவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, இவள் கண்ணு.

“நாளைக்கு வரேன் அத்தை. கார்ல வரேன். உங்களைச் சேத்துடறேன்.”

அந்தப் பக்கம் எங்கேயோ கோழி கொக்கரிக்கிறது, மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கத்தப் போகிறாள், பாவி, நாசமாப் போக என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது, வாய் ஊறுகிறது என்றே சொல்லலாம்.

“சேத்துரு கண்ணு” என்கிறாள் ராமாத்தாள். “நானும் எத்தன நாளைக்கு இப்படிக் கெடக்கறது. அங்க சோறு அவிங்களே போட்டுருவாங்களா, இல்ல நாம ஏதாச்சும் கொண்டுட்டுப் போகோணுமா?”

மேதாவுக்குப் புரியவில்லை. புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டுப் போனை என் பக்கம் தள்ளுகிறாள். நான் பேசித்தான் ஆக வேண்டும்.

“போடுவாங்க” என்கிறேன்.

“இதாரு பேசறது?”

“டீச்சருங்க. மேதாவுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கறேன். என் பேரு அருள்மொழி.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இந்தப் பேர் வாயில் நுழையவில்லை என்றுதான் அவள் என்னைக் கடைசிவரை பேர் சொல்லிக் கூப்பிடாதது. காத்திருக்கிறேன். இப்போது தெரியும், இப்போது மூச்சு நிற்கும், பதினெட்டு வருடம் கழித்து யார் கையில் போய் விழுந்திருக்கிறோம் என்று தெரியும்.

“அருள்மொழி” என்று சொல்லிப் பார்க்கிறாள். “நல்ல பேருங்க. டீச்சரம்மா, நாஞ் சொல்றது அவளுக்கு வெளங்காது, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. தண்ணி வசதி இருக்கற எடமாப் பாத்துச் சேக்கச் சொல்லுங்க. கக்கூசு கிட்டக்க இருக்கோணும். வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“சொல்றேனுங்க” என்கிறேன். அந்த ‘ங்க’ தானாக வந்தது, அதை நான் அழைக்கவில்லை. போன் அணைகிறது. என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்கிறாள் மேதா. வர்றாங்களாம் என்கிறேன், அது பொய்யில்லை. இவ்வளவு சுலபமா என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள், கட்டில் வாங்கியாகிவிட்டது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டது, மகள் முன்னறைக் கதவில் ஒட்ட ஒரு படம் வரைந்திருக்கிறாள், எல்லாம் உங்களால்தான் டீச்சர் என்கிறாள், பையை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறாள். நான் உட்கார்ந்தே இருக்கிறேன். நல்ல பேருங்க. அவள் என்னை மன்னித்து மறந்திருந்தால்கூட இப்படி வலிக்காது, வெறுத்து மறந்திருந்தால்கூட, சும்மா மறந்திருக்கிறாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளை மறக்கிற மாதிரி. சரி, போகட்டும், இன்றைக்கு ராத்திரி அவள் எனக்குக் கிடைத்திருக்கிறாள். பெட்டியில் நாலு புடவையை மடித்து வைத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாதவளாக, மேலே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், நாளைக்குக் காரில் வழியெல்லாம் ஒவ்வொரு கேட்டையும் இதுதானோ இதுதானோ என்று பார்த்துக்கொண்டு வருவாள். வரட்டும். கார் பேரூர்ப் பக்கம் திரும்பாமல் கவுண்டம்பாளையம் போகும், மகன் வீட்டு வாசலில் நிற்கும், கட்டில் இருக்கும், பேத்தி இருக்கும், கதவில் படம் ஒட்டியிருக்கும்.

அங்கேதான் எனக்கு உறைக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கிழவி என்ன செய்வாள். அழுவாள். இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இல்லத்தில் தள்ளப் போகிறாள் என்று இருந்தேன், ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டா என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், சாகிறவரை இவளை ஒரு சொல் சொல்லமாட்டாள், நல்ல கிழவியாகிவிடுவாள், வாயடங்கி, நன்றியோடு, எல்லாரும் பாவம் என்று சொல்கிற கிழவியாக அந்த முன்னறையில் உட்கார்ந்திருப்பாள். உலகத்தில் எத்தனை மாமியார் மருமகள் முட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், இந்த இரண்டு பேரையும் நான் சேர்த்து வைத்துவிட்டேன். நான். என் கையால் அவளுக்கு நல்ல சாவு ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன். இதற்கு நான் சரியான வாக்கியத்தையே சொல்லிக்கொடுத்திருக்கலாம். எழுந்து பால்கனிக்கு ஓடுகிறேன், மேதா கீழே வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“மேதா, நில்லுங்க.”

செருப்பில்லாமல் படியிறங்குகிறேன், கேட்டருகே மூச்சு வாங்குகிறது. அவள் என்னமோ ஏதோ என்று பார்க்கிறாள்.

“தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். சேத்துடறேன்னா இல்லத்துல கொண்டுபோய் விட்டுடறேன்னு அர்த்தம். சேத்துக்கறேன்னு சொல்லணும். எங்களோட சேத்துக்கறேன் அத்தைன்னு சொல்லுங்க.”

“ஆனா அவங்க சரின்னாங்களே.”

“இல்லத்துக்குத்தான் சரின்னாங்க.”

அவள் முகம் மெதுவாக மாறுகிறது. அப்போ அவங்க இவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து முடிக்காமல் நிற்கிறாள். என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், டீச்சர் எப்படித் தப்புச் செய்வார் என்கிற பார்வை, போன் பண்ணுங்க என்கிறேன். வண்டி சீட்டின்மேல் போனை வைத்துப் பண்ணுகிறாள். இந்தமுறை சீக்கிரம் எடுத்துவிட்டாள் கிழவி, அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“அத்தை, நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்களோட. எங்க வீட்டுல. உங்களைச் சேத்துக்கறேன்.”

“எங்க?”

“எங்க வீட்டுல அத்தை. சேத்துக்கறேன்.”

 மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கிறது. பிறகு குரல் வருகிறது, ஓட்டை அடைபட்டு, காற்றுப் போகாமல், எனக்குத் தெரிந்த அந்தப் பழைய குரல்.

“நீ என்ன கண்ணு என்னையச் சேத்துக்கறது? அது என்ற பையன் ஊடு. நாந்தான் உன்னையச் சேத்துக்கிட்டேன். அங்க சும்மா கெடக்கற முன்னறை வெயிலடிக்கும், எனக்கு ஆகாது, நீங்க படுக்கற ரூம்பு எனக்கு வேணும். என்ற கட்டலையும் வண்டியில ஏத்தோணும், புதுசுலெல்லாம் நான் படுக்க மாட்டேன். காத்தால வெள்ளெனமே வந்துரு.”

போனை வைத்துவிட்டாள். என் உடம்பில் எங்கேயோ இறுகிக் கிடந்தது தளர்கிறது. இதோ இருக்கிறாள். வெற்றிலைத் தட்டோடு கதவில் நின்றவள் இவள்தான், தேய்ந்துபோகவில்லை, திருந்தவில்லை, எனக்காக அப்படியே இருக்கிறாள், இனி நாளைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது நான் யாரைத் திட்டுவது என்று தேட வேண்டியதில்லை. தெருவில் காய்கறி வண்டிக்காரன் போகிறான், வாழைத்தண்டு இருக்கிறதா என்று எதிர்வீட்டில் யாரோ கேட்கிறார்கள்.

“என்ன சொன்னாங்க டீச்சர்? கோபமா?”

சொல்கிறேன். ஒரு சொல்லைக்கூட மெதுவாக்காமல், ஒன்றைக்கூட விடாமல், உன்னைத்தான் அவர் சேர்த்துக்கொண்டாராம், நீ அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம், வீடு அவர் மகன் வீடாம், நீங்கள் படுக்கிற அறை வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் அப்படியே சொல்கிறேன். இந்தமுறை எதையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையே இருக்கவில்லை. மேதா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“சேத்துக்கிட்டேன்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். “நாந்தான் உன்னையச் சேத்துக்கிட்டேன்.”

“சரியாச் சொல்றீங்க” என்கிறேன்.